காற்றில்லாத நாள்

துணிகள் கொடியில் தொங்கின. சட்டை, அரைக்கால் சட்டை, தலைத்துண்டு, மிதவை ஜாக்கெட் எல்லாம் சோப்பு வாசத்தோடு சொட்டிக்கொண்டிருந்தன. மேஸ்திரி பூப்போட்ட போர்வை ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு வீட்டின் பின்பக்கம் நின்று கடலைப் பார்த்தார். இஸ்திரி போட்ட துணிபோல ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது கடல். இப்படி ஒரு காலை வாய்ப்பதே அபூர்வம். அது கண்ணெதிரே வீணாகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரம்மா ஒரு தையல்காரரின் மனைவி. முந்தின நாள் சாயங்காலம் உப்புப் பூத்த உடம்போடு இரண்டு ஆண்கள் கரையேறி வந்ததும், யார் என்ன என்று கேட்காமல் தையல் மெஷின்களுக்கு நடுவே படுக்க இடம் கொடுத்தவர். அதோடு விட்டிருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். விடிவதற்குள் எழுந்து, அவர்கள் தூங்கும்போதே மூட்டையைப் பிரித்து, உள்ளதையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய் ஊறப்போட்டுவிட்டார். ஈரத்தோடேயே போட்டுக்கொள்கிறோம் என்று மேஸ்திரி கெஞ்சிப் பார்த்தார். ஈரத்துணியோடு ஒரு ஆளை வாசல் தாண்ட விட்டால் நானெல்லாம் என்ன மனுஷி என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார்.

"நாங்க போறதே தண்ணியிலதாம்மா," என்றார் மேஸ்திரி.

"அது உங்க பாடு. என் வீட்டை விட்டுப் போறப்ப காய்ஞ்ச துணியோடதான் போகணும்."

துணி காய்ந்ததும் கடல்காற்று எழும்பியதும் ஒரே நேரம். அலை தலையில் வெள்ளை கட்டிக்கொண்டது. அன்றைய பொழுது போயே போச்சு. மச்சினன் போர்வைக்குள் குந்தியிருந்தான். அந்த அம்மா கொடுத்த ரொட்டியை நனைத்து நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்த மாதிரி இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க மேஸ்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் துறைமுக யார்டில் மேஸ்திரி. கிரேனில் சரக்கைக் கட்டித் தூக்கிக் கப்பலில் இறக்கும் கூட்டத்துக்குத் தலைவர். மச்சினன், அவர் மனைவியின் தம்பி, அதே கூட்டத்தில் சங்கிலி கட்டுகிறவன். எத்தனையோ வருஷமாக அடுத்தவன் சரக்கை ஏற்றி அனுப்பியாகிவிட்டது. கிரேன் மேடையின் உச்சியில் ஏறி நின்றால் கடற்கரை தெற்கே வளைந்து வளைந்து போய்ப் புகைக்குள் மறையும். அந்தக் கரை முடிகிற இடத்தில் ஒரு கலங்கரை விளக்கு இருக்கிறது என்று கப்பல்காரர்கள் சொல்வார்கள். அதுவரைக்கும் ஒரு தடவை தன் கையாலேயே துடுப்புப் போட்டுப் போய்விட வேண்டும் என்பது மேஸ்திரியின் ஆசை. வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள். யார்டில் சொன்னபோது எல்லாருமே சிரித்தார்கள். சிரித்ததனாலேயே அது ஆசை என்பதைத் தாண்டி வீம்பாகிவிட்டது.

பெரிய கிரேனைப் பிரித்துப் பழுது பார்ப்பதற்காக யார்டை மூடினார்கள். பல வருஷத்துக்கு ஒருமுறைதான் அப்படி நடக்கும். அடுத்த முறை மூடும்போது தனக்கு முட்டி இருக்குமா, முதுகு இருக்குமா என்று மேஸ்திரிக்கே சந்தேகம். ஆகவே இப்போது விட்டால் பிறகு கிடையாது. படகு விளையாட்டுக் கிளப் ஒன்று கழித்துப் போட்ட கயாக்கை வாங்கி, யார்டு ஆட்களை வைத்தே ஓட்டையை அடைத்தார். ஒல்லியான நீளப் படகு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், காலை நீட்டி உள்ளே நுழைத்து உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் தட்டு வைத்த துடுப்பு. மச்சினனை முன்னால் உட்கார வைத்தார். அவன் தோளை நம்பித்தான் பயணமே.

புறப்படும்போதே ஒரு ஒப்பந்தம். அது யார்டில் இருந்து வந்தது. சரக்கு அந்தரத்தில் தொங்கும்போது யார் கையை உயர்த்தினாலும் கிரேன் நிற்க வேண்டும். தரை கூட்டுகிற ஆள் உயர்த்தினாலும் சரி, வேலிக்கு வெளியே ரோட்டில் போகிறவன் உயர்த்தினாலும் சரி. முதலில் நிறுத்து, ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்காதே. கேட்டுக்கொண்டு நின்றதில் ஆள் நசுங்கிய கதையெல்லாம் யார்டில் உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு மேஸ்திரி முதல் வேலையாக இதைத்தான் மண்டையில் ஏற்றுவார். கடலிலும் அதே கணக்கு என்று அவரே சொன்னார். இரண்டு பேரில் எவன் வேண்டாம் என்றாலும் அன்றைக்குப் படகு இறங்காது. ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது.

கயாக்குக்குக் காலைப் பொழுதுதான் பொழுது. தரையிலிருந்து காற்று மெதுவாகக் கடலை நோக்கிப் போகும், அலை அடங்கிக் கிடக்கும். வெயில் ஏறியதும் கடல்காற்று திரும்பி அடிக்கும். அதற்குள் அடுத்த ஊர்க் கரையைப் பிடித்துவிட வேண்டும். இதெல்லாம் மேஸ்திரிக்கு அத்துப்படி. தொங்குகிற சரக்குக்குக் காற்று என்ன செய்யும் என்று பார்த்துப் பார்த்தே கண் பழகியவர். படகுக் கொடிமரத்தில் துணி எப்படிச் சாய்கிறது, புகைபோக்கிப் புகை எந்தப் பக்கம் மடங்குகிறது, அது போதும் அவருக்கு.

ஆனால் கண் பழகி என்ன பிரயோஜனம்? புறப்பட்ட கொஞ்ச நாளிலேயே, ஆறு கடலில் கலக்கிற இடத்தில், மச்சினன் வேண்டாம் என்றான். மேஸ்திரி பார்த்தவரைக்கும் ஒரு கோளாறும் இல்லை. இருந்தாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். நிறுத்தினார். நிறுத்திவிட்டு அன்றைக்கு முழுக்க அவனை 'ரெட் லைட்டு' என்று கூப்பிட்டார். ரெட் லைட்டு டீ குடிக்குதா, ரெட் லைட்டுக்குத் தூக்கம் வருதா என்று ஒரே நக்கல். வீட்டுக்குப் போன் போட்டு அவன் அக்காவிடமும் சொல்லிச் சிரித்தார். அதற்கப்புறம் அவன் ஒரு நாளும் வேண்டாம் என்று வாயைத் திறக்கவில்லை.

அவன் திறக்காவிட்டால் என்ன, ஊர் திறந்தது. அடுத்த ஊரில் ஒரு முடிதிருத்துபவர். படகைத் தண்ணீரில் தள்ளப் போகிற நேரத்தில் பாதி மழித்த ஆளை நாற்காலியிலேயே விட்டுவிட்டுக் கத்தியும் கையுமாக ஓடி வந்தார். இன்னைக்குப் போகாதீங்க, சொன்னா கேளுங்க என்றார். மேஸ்திரி மச்சினனைப் பார்த்தார். வேலிக்கு வெளியே போறவன் சொன்னாலும் நிக்கணும்னு நீங்கதானே மாமா சொல்லிக் குடுத்தீங்க என்றான் அவன். சொந்தப் பேச்சே கழுத்தில் கயிறாக விழுந்தது. அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை. முடிதிருத்துபவர் பரிகாரம் பண்ணுகிற மாதிரி இரண்டு பேருக்கும் சும்மாவே முகம் மழித்துவிட்டார்.

அதற்கடுத்து ஒரு மெக்கானிக். கயாக்கின் சுக்கான் கொஞ்சம் லூசாக இருக்கிறது என்று தானாகவே கண்டுபிடித்து, அவர்கள் சாப்பிடப் போன இடைவெளியில் முறுக்கித் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து படகு வலதுபக்கமாகவே இழுத்தது. நல்லா ஓடுதா என்று கேட்டு இரண்டு ஊர் தாண்டியும் போன் செய்தார். நல்லா ஓடுதுண்ணே என்று மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். வேறு என்ன சொல்ல முடியும்? திட்டுகிறவனை எதிர்த்துத் திட்டலாம். சோறு போட்டு, துணி துவைத்து, சுக்கானை முறுக்கிக் கொடுக்கிறவனை என்ன செய்வது?

இப்படிப் பட்ட பாடெல்லாம் பட்டு, கடைசியில் அந்த விரிகுடாவின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். கரை அங்கே உள்வாங்கிப் பெரிய வளைவாகப் போய், வெகு தொலைவில் மறுபடி வெளியே வந்தது. வளைவை ஒட்டிச் சுற்றினால் நாள் கணக்கில் ஆகும். முழுக்கச் சேறும் புதரும், ஏற இறங்க இடம் கிடையாது. நேராகக் குறுக்கே வெட்டினால் விடிந்து புறப்பட்டு வெயில் சாய்வதற்குள் மறுகரை. அதைத் தாண்டிவிட்டால் கலங்கரை விளக்கு கூப்பிடு தூரம். ஆனால் நடுவில் ஒதுங்க ஒரு பாறைகூட இல்லை. முழு நாளும் காற்றில்லாமல் இருந்தால்தான் உண்டு. யார்டு திறக்கிற நாளோ நெருங்கிவிட்டது. போனில் வானிலை பார்த்ததில் நாளைக்கு மட்டும் அமைதி, அதற்கு மறுநாளிலிருந்து தொடர்ந்து காற்று. நாளை விட்டால் கதை முடிந்தது.

கரையில் ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது. மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் போடுகிற இடம். உள்ளே நுழைந்ததும் மூக்கைத் துளைக்கிற அமோனியா வாடை. தரையெல்லாம் ஈரச் சாக்கு. ஓயாமல் தொம் தொம் என்று அடிக்கிற கம்ப்ரஸர். உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் தகரப் பெட்டிகளை வரிசையாக இறக்கிப் பாளம் பாளமாக உறையவைத்துக்கொண்டிருந்தார்கள். அதை நடத்தியது ஒரு அம்மா. வெளியே வெயில் கொளுத்தும்போதும் கம்பளிச் சட்டையும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு, கம்ப்ரஸருக்கு மேலே கேட்கிற குரலில் பேசிப் பழகியவர். எல்லாரும் ஐஸ்காரம்மா என்றார்கள். படகோடு வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தார். பைத்தியமா, தண்டனையா என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் மாடியில் ஆட்கள் தங்குகிற அறையைத் திறந்துவிட்டார்.

சும்மா தங்கினால் மேஸ்திரிக்குத் தூக்கம் வராது. இறங்கிவந்து ஆட்களோடு சேர்ந்து கொக்கியால் ஐஸ் பாளத்தை இழுத்து நொறுக்குகிற மெஷினில் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் கம்பெனி ஆட்கள் அவரிடம் கொக்கி பிடிக்கிற பிடி சரியில்லை என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மச்சினனும் ஒரு பாளத்தை இழுத்தான். பிறகு ஆளைக் காணோம். சோம்பேறி என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஐஸ்காரம்மா அவரிடம் வந்தார். கையைக் கம்பளிச் சட்டையில் துடைத்துக்கொண்டே, "அண்ணே, நாளைக்குப் போகாதீங்க," என்றார்.

மேஸ்திரி கரையில் நின்ற மீன்படகின் கொடிமரத்தைப் பார்த்தார். துணி தொங்கிக் கிடந்தது. மேகம் இல்லை. அலையும் சத்தமில்லாமல் வந்து போய்க்கொண்டிருந்தது. ஆனால் இந்த அம்மா இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். படகு போனால்தான் இவர் ஐஸ் போகும். காற்றைப் பற்றி இவருக்குத் தெரியாததா போனுக்குத் தெரியும்? ஏன் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார். சரிம்மா என்று ஒற்றைச் சொல் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மச்சினன் ஏதோ சொல்ல வந்தான். பேசாமப் படுடா என்று வாயை அடைத்துவிட்டார்.

விடிந்தபோது கடல் கண்ணாடி.

அவர் வாழ்நாளில் அப்படி ஒரு கடலைப் பார்த்ததில்லை. ஒரு காக்கை தாழப் பறந்துபோனது. அதன் நிழல் தண்ணீரில் சிதறாமல் கூடவே போனது. கொடித்துணி செத்த மாதிரி தொங்கியது. கம்பெனிப் புகைபோக்கியின் புகை நட்ட கம்பம்போல நேரே ஏறியது. ஐஸ்காரம்மா லாரியில் சாக்கு ஏற்றுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி விறுவிறுவென்று போய் எதிரே நின்றார்.

"காத்தே இல்லையேம்மா."

"இல்லதான்."

"நேத்து போகாதீங்கன்னீங்க."

"ஆமா, சொன்னேன். காத்து அடிக்கும்னு நான் எப்பண்ணே சொன்னேன்?"

பின்னே எதுக்குச் சொன்னீங்க என்று கேட்டார் மேஸ்திரி. இதை நேற்றே கேட்டிருந்தால் நேற்றே பதில் கிடைத்திருக்கும் என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டுத்தான் எதிரிலேயே நின்றாராம், ஏன்னு ஒரு வார்த்தை கேட்பார் என்று. இவர் பாட்டுக்கு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு மாடியேறிப் போய்விட்டாராம். "நானா வாயைத் திறக்க மாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். மேல போயி உங்க மச்சினனையே கேளுங்க."

மாடி அறையில் மச்சினன் படுத்திருந்தான். சட்டையில்லை. வலது தோள்மேல் நொறுக்கிய ஐஸ் கட்டிய சாக்குத்துணி. உருகின தண்ணீர் முதுகில் ஓடிப் படுக்கையை நனைத்திருந்தது. மாமாவைப் பார்த்ததும் அதை மறைக்கப் பார்த்தான். மறைக்கக் கையைத் தூக்க வேண்டும். தூக்க முடியவில்லை. தோள் வீங்கிப் பந்துபோல இருந்தது.

எப்போதிருந்து என்று கேட்டார். ஆற்று முகத்துக்கு முந்தின ஊரில், கரையேறும்போது அலை படகைப் புரட்டியதே, அன்றிலிருந்து என்றான். படகைப் போகவிடாமல் ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கினான். அப்போது ஏதோ கழன்ற மாதிரி இருந்ததாம். மேஸ்திரிக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. இவன் பொத்தென்று விழுந்ததைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருந்தார்.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்ல?"

"சொன்னேனே. ஆத்து முகத்துல சொன்னேனே."

"ஏன்னு சொல்லலையேடா."

"நீங்க கேக்கலையே மாமா. நிறுத்துனீங்க. நிறுத்திட்டு ரெட் லைட்டுன்னு பேர் வெச்சீங்க."

மேஸ்திரி படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். நனைந்திருந்தது. எழுந்தார். வேறு உட்கார இடம் இல்லாததால் நின்றுகொண்டே யோசித்தார். சட்டென்று ஒன்று உறைத்தது.

"அப்ப அந்த முடி வெட்டறவரு?"

மச்சினன் சுவரைப் பார்த்தான். முந்தின நாள் சாயங்காலம் அவர் கடையில் போய்க் கெஞ்சியதாகச் சொன்னான். ஒரு நாள் தோளுக்கு ஓய்வு கிடைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தானாம். மெக்கானிக்கையும் இவன்தான் ஏவிவிட்டான். சுக்கானைப் பிரித்துப் போடுங்கள், ஒரு நாள் ஆகட்டும் என்றுதான் கேட்டானாம். அந்த ஆளுக்கு வேலை சுத்தம், பத்தே நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

"துணி துவைச்ச அம்மாவும் உன் ஏற்பாடுதானா?"

"சத்தியமா இல்ல மாமா. அது அவங்களே பாசத்துல பண்ணது."

கம்பெனியே அதிர்கிற மாதிரி மேஸ்திரி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அது யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை. ஊர் ஊராக இவனுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஆட்கள். பின் இருக்கையில் துடுப்புப் போட்ட மாமனைத் தவிர எல்லாருக்கும் இவன் தோள் தெரிந்திருக்கிறது.

யார்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டான் மச்சினன். இவருக்குத் தெரியாதா? சங்கிலி கட்டுகிறவனுக்குத் தோள்தான் எல்லாமே. முன்பு ஒருவனுக்கு இப்படி ஆனபோது மேனேஜர் அவனை வாசல் கேட்டிலேயே நிறுத்தி, கையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டு என்றார். தூக்க முடியவில்லை. அப்படியே திரும்பிப் போனவன்தான். இவனுக்கு வீட்டில் சின்னதும் பெரிசுமாக வாய்கள் இருக்கின்றன.

மேஸ்திரி கீழே இறங்கினார். கடல் இன்னும் கண்ணாடி. வெயில் இப்போதுதான் தலைகாட்டியிருந்தது. இன்னும் நேரம் போய்விடவில்லை. அந்த எண்ணம் வந்தவுடனேயே கால் படகை நோக்கிப் போய்விட்டது. அவன் படுத்துக் கிடக்கட்டும். தனியாகப் போனால் என்ன? முன்னால் ஆளில்லாவிட்டால் படகின் மூக்கு தூக்கும். மணல் சாக்கை வைத்தால் சரியாகிவிடும். ஐஸ் கம்பெனி ஆட்கள் கூப்பிடாமலேயே வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தண்ணீரில் இறக்கினார்கள். ஒருவன் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் அவர் காலில் ஒட்டிய மணலைக் கழுவிவிட்டான். விட்டால் குளிப்பாட்டியே அனுப்புவார்கள் போல. ஐஸ்காரம்மா லாரி பக்கம் நின்று பார்த்தார். இந்தத் தடவை போகாதீங்க என்று சொல்லவில்லை.

படகு எண்ணெயில் போகிற மாதிரிப் போனது. மெக்கானிக் முறுக்கிய சுக்கான் வலதுபக்கம் இழுத்தது. சுக்கானைத் திருப்பும் மிதிகட்டையை இடது காலால் மிதித்துக்கொண்டே இருந்தால் நேராகப் போனது. கம்பெனி சின்னதாகி, புகைபோக்கி மட்டும் தெரிந்தது. மூச்சும் துடுப்பும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. மறுகரை ஒரு பென்சில் கோடாகத் தெரிய ஆரம்பித்தது. முடியும். சந்தேகமே இல்லை, தனியாகவே முடியும். காற்று ஒரு பக்கமும் இல்லை. தொடுவானத்தில் கருப்பு இல்லை. இத்தனை நாளில் கடல் அவருக்கு வழிவிட்டது இன்றைக்குத்தான்.

முன்னால் மணல் சாக்கு உட்கார்ந்திருந்தது. அதன் முதுகையே பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டார். வழக்கமாக அங்கே மச்சினன் முதுகு இருக்கும். அந்த முதுகு கொஞ்ச நாளாக வலதுபக்கம் சாய்ந்தே இருந்தது. சோம்பல் என்று திட்டியிருக்கிறார்.

சரி, கலங்கரை விளக்கைத் தொட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். யார்டுக்குப் போகிறோம். கை தட்டுவார்கள். தட்டிவிட்டு முதல் கேள்வியாக என்ன கேட்பார்கள்? மாப்ளையை எங்க விட்டுட்டு வந்தீங்க. காய்ச்சல் என்று சொல்லலாம். எவன் நம்புவான்? இரண்டு பேராகப் போனவர்களில் ஒருவன் பாதியில் நின்றால் ஒன்று சண்டை, இல்லாவிட்டால் அடி. சண்டை என்றால் அவன் அக்கா விடமாட்டாள். அடி என்றால் எங்கே அடி, தூக்கிக் காட்டு என்பார்கள். இவர் மறுகரையில் கால் வைக்கிற நிமிஷமே அவன் தோள் விஷயம் யார்டு கேட்டுக்குப் போய்ச் சேர்ந்த மாதிரி. இரண்டு பேரும் சேர்ந்து திரும்பிப் போனால் ஒருத்தனும் தோளைப் பார்க்க மாட்டான். மேஸ்திரி மூஞ்சியைப் பார்ப்பான். பார்த்துச் சிரிப்பான். ஆயுசுக்கும் சிரிப்பான்.

துடுப்பைக் குறுக்கே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். படகு தானாக நின்றது. ஒரு சொட்டுக் காற்று அடித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். காற்றினால் திரும்பினேன் என்று தனக்காவது சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கொடுப்பினைகூட இல்லை. சுற்றிலும் பார்த்தார். பாழாய்ப்போன கடல் பளபளவென்று கிடந்தது. மணல் சாக்கைத் துடுப்பின் நுனியால் ஒரு குத்துக் குத்திவிட்டுப் படகைத் திருப்பினார். வலதுபக்கமாகத் திருப்பினார். அந்தப் பக்கம் சுலபமாகவே திரும்பியது.

கரையில் எல்லாரும் அப்படியே நின்றிருந்தார்கள். வேலைவெட்டி இல்லையா இவர்களுக்கு என்று நினைத்தார். ஏன் திரும்பினீர்கள் என்று ஒருவன் கேட்டிருந்தால் நாலு திட்டுத் திட்டி ஆற்றிக்கொண்டிருப்பார். ஒருவனும் கேட்கவில்லை. படகைத் தூக்கிப்போய்க் கம்பெனிக்குள் உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தார்கள். லாரி மத்தியானம் டவுனுக்குப் போகும், பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும், படகு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இங்கேயே கிடக்கட்டும் என்றார் ஐஸ்காரம்மா. கையில் ஒரு டம்ளர் டீயைத் திணித்தார். வேண்டாம் என்றார் மேஸ்திரி. அவர் கை காலியாக இருக்கிறதென்று இன்னொருவன் இன்னொரு டம்ளரைக் கொடுத்தான்.

மச்சினன் கையைக் கழுத்தில் துணி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு மாடிப்படியில் வந்து நின்றான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. மன்னிப்பு மாதிரி எதையோ ஆரம்பித்தான்.

"மூடு," என்றார் மேஸ்திரி. "ஊருக்குப் போனதும் டாக்டரைப் பாரு. சரியாகற வரைக்கும் சங்கிலியைத் தொட்ட, மீதி இருக்கிற கையை நானே உடைப்பேன். கிரேனுக்குச் சைகை காட்டுற வேலைக்கு உன்னைப் போடறேன்."

"அது வயசானவங்க வேலை மாமா. சந்தேகப்படுவாங்க."

"பட்டுட்டுப் போறாங்க. யாருக்கு என்ன வேலைன்னு நான்தான் சொல்லணும். ஒரு கைதானே அதுக்கு வேணும்?"

அவன் வேறென்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் போன் அடித்தது. மேஸ்திரியின் மனைவி. விரிகுடாவில் இறங்கிவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை, திரும்பி வருகிறோம் என்றார் இவர். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. அதுவே பெரிய தொல்லையாக இருந்தது.

"ஏன், என்ன ஆச்சு?" என்றாள்.

மேஸ்திரி கடலைப் பார்த்தார். ஒரு நாரை தன் பிம்பத்தின்மேல் நின்றுகொண்டிருந்தது.

"காத்து சரியில்ல."

"போன்ல பார்த்தேனே. அந்தப் பக்கம் காத்தே இல்லைன்னு போட்டிருக்கான்."

"போட்டவன் இங்க வந்து நின்னு பார்த்தானா? நான் நிக்கறேன். தூக்குது."

பக்கத்தில் ஐஸ் பாளம் இழுத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து கடலைப் பார்த்தான். பிறகு மேஸ்திரியைப் பார்த்தான். பிறகு மாடிப்படியில் கட்டுப்போட்ட கையோடு நின்றவனைப் பார்த்தான். வேண்டாம், பேசாமல் இரு என்று மேஸ்திரி கண்ணை உருட்டினார். அவனுக்கு அது வேறு மாதிரிப் புரிந்துவிட்டது.

"பேய்க்காத்துக்கா," என்று போனை நோக்கி உரக்கச் சொன்னான். "கூரையே பறக்குது."

"ஆமாக்கா," என்று உள்ளேயிருந்து இன்னொருவன். "இப்பதான் ரெண்டு சாக்கு பறந்து போச்சு."

ஐஸ்காரம்மா போய் ஐஸ் நொறுக்குகிற மெஷினைப் போட்டுவிட்டார். கடகடவென்று புயல் மாதிரி சத்தம் கிளம்பியது.

"யாருங்க அது?" என்று மனைவி கத்திக் கேட்டாள்.

"யாருன்னே தெரியாது," என்று மேஸ்திரியும் கத்தினார். "நேத்துலேருந்து உயிரை வாங்கறாங்க."